செவ்வாய்க்கிழமைச் சங்கம்

"செவ்வாயோ, வெறுவாயோ" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. செவ்வாய்க்கிழமையில் தொடங்கிய காரியம் உருப்படாது என்பது அவர்கள் துணிபு. ஆனால் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1922-ஆம் ஆண்டு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை இரவுகளிலேயே கூடிவந்த ஒரு சிறு சங்கத்தின் வரலாற்றைக் கேட்டால், அந்தப் பாட்டிமார்கூடத் தங்கள் கொள்கையைச் சற்றே தளர்த்திக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தச் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மாலை மரியாதை கிடையாது. டிரினிடி கலாசாலையில் ஓர் அறை, சட்டத்தில் நிறுத்திய ஒரு கரும்பலகை, கொஞ்சம் சுண்ணாம்புக் கட்டி, கூட்ட விவரம் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம், குடிக்கக் காப்பி. அதன் ஆஸ்தி முழுவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். கூடியவர்களும் பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதுடைய ஆராய்ச்சி மாணாக்கர்கள். ஆயினும் அந்தக் கூட்டங்களில் பேசியவர்களிலும் கேட்டிருந்தவர்களிலும் டிராக் 1933-லும், சாட்விக் 1935-லும், பிளாக்கெட் 1948-லும், காக்ராப்ட் 1951-லும் நோபெல் பரிசு பெற்றார்கள். சங்கத்தைத் தொடங்கியவருக்கோ அந்தப் பரிசு 1978-ல், 84 வயதில் வந்தது.

இத்தனை மேதாவிகள் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று வியப்பது இயல்பு. மேதாவிகள் என்று பெயர் எடுக்கும் முன்பு அவர்கள் அந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது. விடை மிக எளிது. அவர்கள் ஒருவரையொருவர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரஷ்யாவிலிருந்து வந்தவர்

சங்கத்தைத் தொடங்கியவர் ஆங்கிலேயர் அல்லர். பீட்டர் காபிட்ஸா 1894-ல் ரஷ்யாவில், கிரான்ஸ்டாட் என்னும் கடற்கோட்டையில் பிறந்தவர். பெட்ரோகிராடு நகரத்தில் யோப்பே என்னும் பேராசிரியரிடம் பௌதிக சாஸ்திரம் பயின்றார். யோப்பே தம் மாணாக்கர்களைச் சுற்றிலும் உட்கார வைத்து, புதிய ஆராய்ச்சிகளைப் பற்றி விவாதிக்கச் செய்வது வழக்கம். பிறகு புரட்சி வந்தது. உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தன. 1919-ன் கடைசியிலும் 1920-ன் தொடக்கத்திலுமாகச் சில வாரங்களுக்குள் காபிட்ஸா தம் தந்தையையும், மனைவியையும், இரண்டு பச்சிளங் குழந்தைகளையும் பறிகொடுத்தார்.

மனம் இடிந்து கிடந்த அந்த வாலிபரை 1921-ல் யோப்பே இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே காவண்டிஷ் ஆராய்ச்சிசாலையின் தலைவர் ரூதர்போர்டு. அணுவின் நடுவே சின்னஞ்சிறு கரு ஒன்று உண்டு என்று 1911-ல் உலகத்துக்குக் காட்டியவர் அவர்தாம். காபிட்ஸா அவரிடம் இடம் கேட்டபோது, முப்பது பேருக்குமேல் தம்மிடம் இடமில்லை என்று ரூதர்போர்டு கையை விரித்துவிட்டாராம். "தங்கள் பரிசோதனைகளில் எவ்வளவு பிழை நேரலாம்?" என்று கேட்டாராம் காபிட்ஸா. "நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று." "அப்படியானால் முப்பது பேரோடு இன்னும் ஒருவன் சேர்ந்தால், அது அந்தப் பிழைக்குள் அடங்கிவிடுமே!" இவ்வாறு ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. எது எப்படியானாலும் காபிட்ஸாவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

உரத்த குரலும் பெரிய உருவமும் படைத்த ரூதர்போர்டுக்கு அவர் 'முதலை' என்று பட்டப்பெயர் சூட்டினார். 1933-ல் அவருக்கென்று தனி ஆராய்ச்சிசாலை எழும்பியபோது, அதன் சுவரில் ஒரு முதலையைச் செதுக்கும்படி எரிக் கில் என்னும் சிற்பியிடம் சொன்னார். அந்த முதலையைக் கேம்பிரிட்ஜில் இன்றும் காணலாம்.

வாய் திறவாத பிள்ளைகள்

கேம்பிரிட்ஜில் பௌதிக மாணாக்கருக்குச் சங்கமே இல்லாமல் இருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. ரூதர்போர்டுக்கு முன் தலைவராக இருந்த ஜே. ஜே. தாம்ஸன் 1893-லேயே காவண்டிஷ் பௌதிக சங்கத்தை ஏற்படுத்தியிருந்தார். கூட்டத்துக்கு முன் தேநீர் விருந்து உண்டு. மரியாதைக்கும் ஒழுங்குக்கும் குறைவே இல்லை. அந்த மரியாதைதான் தொல்லையாக இருந்தது. முன் வரிசையில் உலகப் பிரசித்தி பெற்ற பேராசிரியர்கள் வீற்றிருக்கும்போது, பின் வரிசையில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் எழுந்து, "ஐயா, தாங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லுவானா?

பௌதிக சாஸ்திரமோ அந்த நாளில் காட்டாற்று வெள்ளம்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கவனிக்காமல் இருந்தால், ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் நடந்தது என்ன என்பது தெரியாமற் போய்விடும். ஆராய்ச்சிசாலையில் ஒவ்வொருவரும் தத்தம் மேஜையோடு இருந்தார்கள். பக்கத்து மேஜையில் நடப்பதை விசாரிப்பதுகூட அநாகரிகம் என்று கருதும் சுபாவம் அந்த நாட்டாருக்கு உண்டு. மாலை ஆறு மணி ஆனால் ஆராய்ச்சிசாலையைப் பூட்டிவிட வேண்டும் என்பது ரூதர்போர்டின் கண்டிப்பான விதி. ஆறு மணிக்குமேல் ஒவ்வொருவரும் தம் அறைக்குத் திரும்பி, தமக்குத் தெரியாதது இன்னது என்பதை யாருக்கும் சொல்லாமல் படுத்து உறங்கலாம்.

இந்த மௌனம் காபிட்ஸாவுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய ஆங்கிலமோ அரைகுறை. உச்சரிப்பு அதைவிட விசித்திரம். இருந்தாலும் அவர் பேசாமல் இருப்பதில்லை. யோப்பேயின் பழைய வகுப்பை மனத்தில் கொண்டு, தம் போன்ற இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1922 அக்டோபரில் புதிய சங்கத்தைத் தொடங்கினார். 'காபிட்ஸா சங்கம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

ஒரு சங்கத்தின் சட்டதிட்டம்

பருவ காலங்களில் வாரந்தோறும் இராச் சாப்பாடு ஆனபின் அங்கத்தினர்கள் கூடுவார்கள். ஒருவர் தம்முடைய ஆராய்ச்சியைப் பற்றியோ, அப்போது வெளிவந்த ஒரு கட்டுரையைப் பற்றியோ பேசவேண்டும். எழுதிவைத்துப் படிப்பதில்லை, கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும். பேச ஆரம்பித்த சில நிமிஷங்களுக்குள் யாராவது குறுக்கிடுவார். பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார். 'கடைசியில் கேளுங்கள்' என்று சொல்லும் உரிமை பேச்சாளருக்கு இல்லை.

முதலில் யாரும் வாய் திறக்கத் தயங்கினால் காபிட்ஸா ஓர் உபாயம் செய்வார். அவரே ஏதாவது அபத்தமாகச் சொல்லிவைப்பார். பளிச்சென்று தெரியும் பிழையாக இருக்கும் அது. இளைஞன் ஒருவன் பொறுக்கமாட்டாமல் அதைத் திருத்த எழுவான். அவ்வளவுதான், மடை திறந்துவிடும்! வேண்டுமென்றே செய்த பிழைகள் இவை என்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தமக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் தலைவர்கள் உலகத்தில் ஏராளம். மற்றவர்கள் அச்சம் நீங்க வேண்டும் என்பதற்காகத் தமக்குத் தெரியாதது போல் நடிக்கும் தலைவரைக் காண்பது அருமை.

கூட்டம் நடந்த தேதி, பேசியவர் பெயர், பொருள் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார்கள். அந்தப் புத்தகங்கள் அழியாமல் கேம்பிரிட்ஜில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து இரண்டு இரவுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

இரண்டு இரவுகள்

1925 ஜூலை 28. பேச வந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஹைஸன்பர்க். வயது இருபத்து மூன்று. அணுக்கள் உமிழும் ஒளியை நிறவாரியாகப் பிரித்துப் பார்த்தால் எண்ணற்ற கோடுகள் தென்படும். அவற்றை இனம் பிரித்து அட்டவணை போடுவதே அக்காலத்து விஞ்ஞானிகளுக்குப் பெரிய வேலை. ஹைஸன்பர்க் அதைக் கேலி செய்து, விலங்கு நூலும் தாவர நூலும் போல் ஒலிக்கும்படி தம் பிரசங்கத்துக்கு வேடிக்கையாகத் தலைப்புக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கோடுகளின் இரகசியத்தை அடியோடு விளக்கக்கூடிய புதிய கணித முறை ஒன்றைச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் கண்டிருந்தார். அதைப் பற்றி அந்தப் பயணத்தின்போது பௌலர் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியரிடம் தெரிவித்தார். பௌலர் அந்தக் கட்டுரையின் அச்சுப் படிகளை வரவழைத்து, விடுமுறைக்கு வீடு சென்றிருந்த தம் மாணாக்கர் டிராக்குக்கு அனுப்பினார்.

டிராக் அதிகம் பேசாதவர். காபிட்ஸாவின் நெருங்கிய நண்பர். அந்தத் தாள்களை அவர் வாரக்கணக்கில் சிந்தித்தார். அதே ஆண்டு நவம்பரில், புதிய அணுப் பௌதிகத்தின் அடிப்படைச் சமன்பாடுகளை எழுதி வெளியிட அனுப்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றே. சங்கத்தின் கூட்டத்தில் பிறந்த கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்ல முடியாது. அயல்நாட்டு இளைஞரை அழைத்து நேரில் பேசவைத்த பழக்கம், ஒரு கடிதம் சரியான ஆளிடம் போய்ச் சேர வழி செய்தது என்று மட்டும் சொல்லலாம். பெரிய காரியங்கள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன.

1932 பிப்ரவரி 23. பேசியவர் சாட்விக். பெரிலியம் என்னும் உலோகத்தின்மேல் ஆல்பா கதிர்களைப் பாய்ச்சினால், அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்று கிளம்புகிறது. அது மெழுகின்மேல் பட்டதும் மெழுகிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் வேகமாகச் சிதறி வெளிவருகின்றன. இதைப் பாரிஸ் நகரத்து ஜோலியோ கியூரி தம்பதிகள் அந்த ஜனவரியில் அறிவித்திருந்தார்கள். கதிர் ஒளியின் இனத்தைச் சேர்ந்தது என்பது அவர்கள் கருத்து. சாட்விக்குக்கு அது நம்பக்கூடியதாகத் தோன்றவில்லை. விசிறிக் காற்று அம்மிக் குழவியை உருட்டிவிட்டது என்றால் நம்புவோமா? இன்னொரு குழவி வந்து மோதியிருக்க வேண்டும் அல்லவா? சுமார் பத்து நாட்கள் இரவில் மூன்று மணி நேரமே உறங்கி, அவர் பரிசோதனைகளை நடத்தினார். ஹைட்ரஜன் கருவை ஒத்த கனமும், மின்சாரமே இல்லாத தன்மையும் உடைய ஒரு துகள் அது என்று கண்டார். அதுதான் நியூட்ரான். அப்படி ஒன்று இருக்கலாம் என்று ரூதர்போர்டு 1920-லேயே ஊகித்திருந்தார்.

அன்று மாலை காபிட்ஸா சாட்விக்குக்கு நல்ல விருந்து அளித்து அழைத்து வந்தாராம். சாட்விக் இயல்பாகவே சங்கோசி. அன்று சுருக்கமாகவும் தெளிவாகவும் நடந்ததைச் சொல்லி முடித்தார். பிறகு, தமக்கு மயக்க மருந்து கொடுத்து இரண்டு வாரம் படுக்கையில் கிடத்திவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டார். நான்கு நாட்கள் கழித்து, 27-ஆம் தேதி, 'நேச்சர்' பத்திரிகையில் அவருடைய கடிதம் வெளிவந்தது. சங்கத்து இளைஞர்கள் அதற்கு முன்பே அதைக் கேட்டு, குறுக்குக் கேள்வி போட்டு முடித்துவிட்டிருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஹிரோஷிமாவை அழித்ததும், மின்சாரம் தரும் அணு உலைகளை இன்று இயக்குவதும் அந்த நியூட்ரானே.

நம்மவர் ஒருவர்

இந்தக் காலத்தில் அதே டிரினிடி கலாசாலையில் நம் நாட்டு இளைஞர் ஒருவரும் இருந்தார். சென்னை ராஜதானிக் கலாசாலை மாணாக்கரான சுப்பிரமணியன் சந்திரசேகர்தாம் அவர்.

1928-ல் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்து அந்தக் கலாசாலையில் பிரசங்கம் செய்தார். பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுக் கைதட்டி வீடு திரும்புவதோடு பதினெட்டு வயதுச் சந்திரசேகர் நின்றுவிடவில்லை. பேராசிரியர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் அவரைச் சந்தித்தார். தாம் அவருடைய புத்தகத்தைப் படித்திருப்பதாகச் சொன்னார். அந்தப் புத்தகம் எழுதியபின் பௌதிகமே மாறிவிட்டது என்று சோமர்பெல்டு எடுத்துக் கூறி, தம் புதிய கட்டுரையின் அச்சுப் படியைக் கொடுத்தார். பெர்மி, டிராக் இருவர் பெயராலும் வழங்கும் புதிய கணக்குமுறை அதில் இருந்தது. சில மாதங்களுக்குள் சந்திரசேகர் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி, அதைக் கேம்பிரிட்ஜிலிருந்த அதே பௌலருக்கு அனுப்பினார். லண்டன் ராயல் சொஸைட்டி 1929-ல் அதை வெளியிட்டது. கதவைத் தட்டிக் கேட்ட ஒரு கேள்வியின் பலன் இது.

1930-ல் அவர் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் எவ்வளவு கனம் வரை அடங்கிய வெள்ளைக் குள்ளனாக நிலைத்திருக்க முடியும் என்பதை அந்தப் பிரயாணத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் அதை அவர் எடுத்துரைத்தார். அடுத்தபடி எழுந்தவர் வானநூலில் ஈடிணையற்றவர் என்று பெயர் பெற்ற எடிங்டன்; அவரும் டிரினிடியைச் சேர்ந்தவர். சபையோர் சிரிக்கும்படியாக எடிங்டன் அந்த முடிவை எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அக்கிராசனர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்.

கணக்கு சரியானதே. அதை உலகம் முழு மனத்துடன் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. சந்திரசேகருக்கு 1983-ல் நோபெல் பரிசு கிடைத்தது. காபிட்ஸா சங்கத்தின் அறையையும் அந்த லண்டன் மண்டபத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் தலைவர் வலியத் தவறு செய்து இளைஞனைப் பேசவைக்கிறார். மற்றோரிடத்தில் இளைஞன் சொன்னது சரியாக இருந்தும், பெரியவர் பேசியபின் அவன் வாய் மூடப்படுகிறது. இரண்டுமே ஒரே தேசத்தில், ஒரே காலத்தில் நடந்தவை.

அடைபட்ட கதவு

லண்டனில் அந்தக் கூட்டம் நடந்தபோது காபிட்ஸா இங்கிலாந்தில் இல்லை. 1934-ல் வழக்கம்போல் தாய்நாட்டைப் பார்த்துவரச் சென்றவரை, திரும்பிப் போகக் கூடாது என்று சோவியத் சர்க்கார் நிறுத்திவிட்டது. ரூதர்போர்டு செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. கடைசியில், மனிதர் வராவிட்டாலும் அவருடைய வேலை நிற்கக்கூடாது என்று கருதி, கேம்பிரிட்ஜில் அவர் பயன்படுத்திய யந்திரங்களை 30,000 பவுனுக்குச் சோவியத் சர்க்காருக்கு விற்க இசைந்தார். கேம்பிரிட்ஜ் இளைஞர்களோ செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நிறுத்தவில்லை, பெயரையும் மாற்றவில்லை. தலைவர் இல்லாமலே சங்கம் நடந்தது.

மாஸ்கோவில் காபிட்ஸா புதிய ஆராய்ச்சிசாலையை அமைத்தார். அங்கும் வாராந்தரக் கூட்டம் ஏற்படுத்தினார், இம்முறை புதன்கிழமை. 1938 ஏப்ரலில் அந்த ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த லாண்டாவ் என்னும் இளம் மேதையை ரகசியப் போலீஸார் கைது செய்தார்கள். அந்த நாளில் அப்படிப் போனவர்களைப் பற்றி விசாரிப்பவரும் அதே வழியில் போவது வழக்கம். காபிட்ஸா கைது நடந்த அன்றே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். பிறகும் விடவில்லை. ஓர் ஆண்டு சென்று, அவருடைய சொந்த ஜாமீனில் லாண்டாவ் விடுதலை ஆனார். லாண்டாவுக்கு 1962-ல் நோபெல் பரிசு வந்தது.

1945-ல் அணுகுண்டு வேலைக்குத் தலைமை வகித்தவர் பெரியா. ரகசியப் போலீஸைக் கட்டி ஆண்ட அவர் பெயரைக் கேட்டே தேசம் நடுங்கியது. சங்கீத கோஷ்டியை நடத்துகிறவன் கோலை ஆட்டினால் மட்டும் போதாது, ஸ்வரக் குறிப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்ற கருத்துப்பட அவரைப் பற்றிக் காபிட்ஸா ஸ்டாலினுக்கே எழுதிவிட்டு, அந்த வேலையிலிருந்து விலகினார். 1946-ல் அவருடைய பதவி பறிபோயிற்று. கிராமத்து வீட்டின் கொட்டகையில் கிடைத்த சாமான்களைக் கொண்டு பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஸ்டாலின் இறந்தபின், 1955-ல்தான் மீண்டும் ஆராய்ச்சிசாலையின் தலைவரானார். டிரினிடி அறையில் பேச்சாளரைக் குறுக்கிட்ட பழக்கம் கிரெம்ளின் மாளிகை வரையில் சென்றது.

1966-ல், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், காபிட்ஸா கேம்பிரிட்ஜுக்கு வந்தார். பழைய நண்பர்கள் கூடி, நின்றுபோயிருந்த சங்கத்தின் 676-ஆவது கூட்டத்தை நடத்தினார்கள். டிராக்கும் இருந்தார். ஒளி அலைகளைக் கொண்டே எலெக்ட்ரான்களைச் சிதற வைக்கலாம் என்று அவ்விருவரும் 1933-ல் எழுதியிருந்தார்கள். அதைச் செய்து பார்க்கக் கருவிதான் அக்காலத்தில் இல்லை. லேசர் ஒளி வந்தபின், 2001-ல், அமெரிக்காவில் நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் அது தெளிவாகச் செய்து காட்டப்பட்டது. கேட்ட கேள்விக்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த பதில்!

கேள்வி என்னும் சொல்

நம் கலாசாலைகளிலும் சங்கங்களுக்குக் குறைவில்லை. பிரார்த்தனை, வரவேற்பு, பொன்னாடை, தலைமையுரை, வந்தனோபசாரம் எல்லாம் முறைப்படி நடக்கின்றன. கேள்விக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருப்பார்கள். நேரமாகிவிட்டபடியால் அதையும் விட்டுவிடுவார்கள். சங்கம் நடத்தும் மாணாக்கர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு கரும்பலகையும் பத்துப் பேரும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். பொன்னாடைக்குப் பணம் வேண்டும். கேள்விக்கு வேண்டியது தெரியாது என்று சொல்லும் தைரியம் ஒன்றே.

அந்தத் தைரியம் கலாசாலையில் முளைப்பதன்று. வீட்டுக் கூடத்தில் முளைப்பது. நம் பாஷையில் 'கேள்வி' என்ற ஒரே சொல் செவிகொடுத்துக் கற்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். முதலாவதை நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே பழக்கியிருக்கிறோம். பெரியவர்கள் பேசும்போது குழந்தை நடுவே புகுந்து 'ஏன்?' என்று கேட்டால், அடுத்த முறை அதட்டாமல் பதில் சொல்லிப் பார்ப்போமாக. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் பாதகமில்லை.